படகுக்காரனின் தங்கச்சி

எங்கள் ஊரில் முதல் டி.வி. எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் யார் எதற்கு வருகிறார்கள் என்று கவனிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. குஞ்சம்மாள் படம் பார்க்க வருகிறாளா, என் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மோப்பம் பிடிக்க வருகிறாளா? என் பெரியப்பா மகன் பெரியசாமி பெட்டியைப் பார்க்கிறானா, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற என் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கிறானா? நான் டி.வி. பார்த்ததைவிட டி.வி. பார்ப்பவர்களைப் பார்த்ததுதான் அதிகம். "முத்தாயி, நீ போலீசுல சேந்திருக்கோணும். தப்பி எனக்கு வாக்கப்பட்டுட்டே" என்பார் என் வீட்டுக்காரர் செங்கோட்டையன்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டுத் திருச்செங்கோட்டு ஆபீசுக்குப் போய்விடுவார். பாறையைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டி ஒன்று எங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடியதெல்லாம் வடக்கே, மத்தியப் பிரதேசத்தில். இங்கே எங்கள் காடு காய்ந்து கிடக்க, யாருடைய காட்டுக்கோ தண்ணீர் எடுத்துக் கொடுக்க எங்கள் ஆட்கள் வருஷத்தில் பாதிக்கு மேல் அங்கே கிடந்தார்கள். அந்தச் சம்பாத்தியத்தில் வந்ததுதான் டி.வி. ஆண்டெனாவுக்குக்கூட அவர் வேறு கம்பம் தேடவில்லை. தேய்ந்துபோன ரிக் குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கி மாடியில் நிறுத்திவிட்டார். காற்றடித்தால் படம் முழுக்கப் பூச்சி பறக்கும். யாராவது மேலே ஏறிக் குழாயைத் திருப்ப வேண்டும்.

என் தம்பி வெள்ளியங்கிரிதான் அந்த ரிக்குக்கு டிரைவர். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயசு. குளிப்பாட்டியது நான், சோறு ஊட்டியது நான், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். ஓடை தாண்டி இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவனையும் இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தேன் என்று ஊரில் இன்னும் கேலி பேசுவார்கள். தம்மம்பட்டிப் பக்கமிருந்து வசந்தாமணியைப் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். அதிர்ந்து பேசாத பெண். வந்த இடம் தெரியாது, போன இடம் தெரியாது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை.

எண்பத்தேழாம் வருஷம் ஆடியில், மழைக்காக வேலையை நிறுத்திவிட்டு ரிக் ஊர் திரும்பியது. ஓட்டிக்கொண்டு வந்தது என் தம்பி இல்லை. கூட வேலை பார்க்கிற கந்தவேல்.

"அண்ணன் அங்கயே இருக்காருங்க பெரியக்கா. மழ உட்டதும் எங்கெங்க கெணறு போடறதுன்னு ராய்ப்பூருக்கிட்ட ஆளுகளப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்காரு. தையில வந்துருவாருங்க."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அன்றைக்கே அது எனக்கு மனசில் ஒட்டவில்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு கம்ப்ரசர் கெட்டுப்போன கவலை. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, "உன்ர தம்பி என்ன கொழந்தையா, வருவான் உடு" என்றார். ஐப்பசி போனது, கார்த்திகை வந்தது. தம்பியிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. கந்தவேல் மட்டும் கேட்டபோதெல்லாம் தை, தை என்றான்.

தை என்றால் வசந்தாமணிக்கு உயிர்போகிற விஷயம். ஓடைக்கு அந்தப் பக்கம் என் பிறந்த ஊரில் தம்பிக்கு மூன்று ஏக்கர் காடும், ஒரு கிணறும், ஓட்டு வீடும் இருந்தன. அவள் ஒண்டியாகவே கடலை போட்டாள், மாடு கறந்தாள், ஆள் பிடித்துக் களை வெட்டினாள். பக்கத்துக் காட்டுக்காரன் பெரியசாமிக்கு அது கண்ணை உறுத்தியது. பொம்பளை பண்ணையம் பார்த்தால் வரப்பு நிற்காது, கிணறு பாழாகும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் போய் நியாயம் பேசினான். அவர்களும் கூடி உட்கார்ந்து, தை பிறப்பதற்குள் வெள்ளியங்கிரி வராவிட்டால் காட்டைப் பெரியசாமி விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழட்டும், வசந்தாமணி பிறந்த வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை இல்லாதவள் ஒரு தடவை பஸ் ஏறிவிட்டால் திரும்பி இறங்க இடம் இருக்காது. அது அவளுக்கும் தெரியும், பெரியசாமிக்கும் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் டி.வி.யில் அந்தத் தீவு நாடகம் ஆரம்பித்தது.

ஞாயிறு காலையில் போடுவார்கள். முழுக்க இந்தி. ஊரில் இந்தி தெரிந்தவர்கள் என்றால் ரிக்குக்கும் லாரிக்கும் போய்வந்தவர்கள்தான். அவர்களில் அப்போது ஊரில் இருந்தவன் கந்தவேல் ஒருத்தன். அதனால் அவனுக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தோம். அவர்கள் அங்கே பேச, இவன் இங்கே தமிழில் சொல்லுவான்.

கதை இதுதான். கடலுக்கு நடுவில் ஒரு தீவு. தீவில் கல்லால் கட்டிய சின்னக் கோட்டை. உள்ளே ஒரு கிழட்டுத் தளபதியும், ஒரு பந்தியில் உட்காரவைத்துவிடக்கூடிய அளவுக்கு ஆட்களும். வெளியே கண்ணுக்கெட்டின தூரம் எதிரிக் கப்பல்கள். அந்தக் கப்பல்கள் பொம்மை என்று எனக்கு முதல் வாரமே சந்தேகம். கப்பல் சின்னதாகவும் அலை பெரிதாகவும் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த மனுஷர்கள் பொம்மை இல்லை. தண்ணீரை அளந்து குடித்தார்கள். செத்தவன் துப்பாக்கியை உயிரோடு இருப்பவன் எடுத்துக்கொண்டான். ஒரே ஆள் மூன்று தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மதில் மேல் நடந்து, உள்ளே நிறையப் பேர் இருப்பதுபோல் காட்டினான். அதைப் பார்த்துக் குஞ்சம்மாள்கூட அடுக்களை ஞாபகம் இல்லாமல் கை தட்டினாள்.

இரண்டாவது வாரம் தளபதி ஒரு படகுக்காரனைக் கூப்பிட்டு, கரைக்குப் போய்ப் படை திரட்டிக்கொண்டு வா என்று இருட்டில் அனுப்பிவைத்தார். கோட்டையில் இருந்தவர்களுக்கு அவன் ஒருத்தன்தான் நம்பிக்கை. அன்றிலிருந்து வசந்தாமணி வாராவாரம் ஒரு கேள்வி கேட்பாள். நாலு பேர் காதில் விழுகிற மாதிரியே கேட்பாள். வாயே திறக்காதவள் இதை மட்டும் இப்படிக் கேட்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏனுங்க கந்தவேலு, படகுக்காரன் வந்துருவானில்லீங்க?"

"வந்துருவாருங்க அக்கா. எப்படியும் வந்துருவாரு."

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு அவள் ஓடையைத் தாண்டிப் போய் ஒரு வாரத்துக்கு மாடு மாதிரி உழைப்பாள். எனக்குப் பாவமாக இருக்கும்.

பிறகு ஒரு ஞாயிறு. படகுக்காரன் ஏதோ கரையில் ஒதுங்கி மயங்கிக் கிடக்கிறான். ஒரு பெண் வந்து தூக்கிக்கொண்டு போய்க் குடிசையில் கிடத்திக் கஞ்சி ஊட்டுகிறாள். ஊட்டிவிட்டு முந்தானையால் அவன் வாயைத் துடைக்கிறாள்.

"ஆருடா இவ?" என்று கேட்டேன்.

"தங்கச்சிங்க பெரியக்கா. அவருக்குத் தங்கச்சி முறை வேணுமுங்க."

எனக்கும் ஒரு தம்பி இருந்தான். நானும்தான் அவனுக்கு வாய் துடைத்துவிட்டிருக்கிறேன். துடைக்கிறபோது இப்படிக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு யாரும் துடைப்பதில்லை. நான் கந்தவேலைப் பார்த்தேன். அவன் பெட்டியைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அந்தத் தங்கச்சி தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். படகுக்காரன் அவள் குடிசைமேல் ஏறிக் கூரை வேய்ந்துகொண்டிருந்தான்.

"இங்க என்னடா பண்றான்? அங்க கோட்டையில தண்ணிக்குச் சாகறாங்க."

"தங்கச்சி ஊடு ஒழுகுதுங்க பெரியக்கா. மேஞ்சு குடுத்துட்டு உடனே கெளம்பிருவாரு."

அதற்கடுத்த வாரம் ஒரு குழந்தை அவன் தோளில் உட்கார்ந்திருந்தது. "பக்கத்தூட்டுக் கொழந்தைங்க" என்றான் கந்தவேல். குஞ்சம்மாள் என்னைப் பார்த்தாள். நான் குஞ்சம்மாளைப் பார்த்தேன். ஜென்மத்தில் முதல்தடவையாக அவளும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவன் பொய் சொல்கிறான் என்றால் அதில் அவனுக்கு ஏதாவது ஆதாயம் இருக்க வேண்டும். எங்கோ பம்பாயிலோ டில்லியிலோ எடுத்த நாடகத்தில், பேர் தெரியாத ஒரு படகுக்காரனுக்குத் தங்கச்சியைச் சேர்த்துவிடுவதில் இவனுக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லாததற்கே இத்தனை பொய் சொல்கிறவன், ஒன்று இருந்தால் எத்தனை சொல்லுவான்? என் தம்பியும் இவனும் ஒன்றாகப் போனார்கள். இவன் மட்டும் திரும்பி வந்தான். என் தம்பி ஓட்டுகிற வண்டியை இவன் ஓட்டிக்கொண்டு வந்தான். அடுத்த சீசனுக்கு டிரைவர் வேலையும் இவனுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. நினைக்க நினைக்க எனக்கு ஒன்றுதான் தோன்றியது. என் தம்பியை இவன் என்னமோ செய்துவிட்டான். பாறைக்காட்டில் எங்கேயோ போட்டுவிட்டு வந்துவிட்டான்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். நான் சாப்பிடாமல் படுத்த பிறகு சிரிப்பதை நிறுத்தினார். எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழி உண்டு. கருப்பணார் கோயிலில் கற்பூரத்தை ஏற்றிவைத்து, சந்தேகப்பட்டவனை அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வோம். பொய்ச் சத்தியம் பண்ணினவன் குடும்பம் விளங்காது என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, எனக்கே கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். பெரியசாமியும் வந்தான். என்னத்தைக் கேட்பது என்று பூசாரி கேட்டார். கேள்வியை நான்தான் சொன்னேன்.

"என்ர தம்பி உசுரோட இருக்கானா? இவன் அவனுக்கு ஏதாச்சும் தீங்கு பண்ணுனானா? அதுக்குச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

கோயிலுக்குள் வரும்போது கந்தவேலின் முகம் வெளுத்திருந்தது. என் கேள்வியைக் கேட்டதும் அந்த முகத்தில் ரத்தம் வந்தது. முழுசாக ஒரு மூச்சு விட்டான். கற்பூரத்தை ஓங்கி அடித்தான்.

"வெள்ளியங்கிரி அண்ணன் உசுரோட, நல்ல சொகத்தோட இருக்காருங்க. நான் அவரு மேல ஒரு வெரலு வெச்சதில்லீங்க. கருப்பணாரு சாட்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கையில் நானே வெண்ணெய் தடவிவிட்டேன். இருக்கிறவன் வந்துவிடுவான், அவசரப்பட வேண்டாம் என்று பெரியவர்கள் பெரியசாமியிடம் சொன்னார்கள். அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். வசந்தாமணி ஓரமாக நின்று கும்பிட்டாள். நாடகத்தில் ஏன் பொய் சொன்னான் என்பதற்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன். பொம்பளைகள் நிறைய உட்கார்ந்திருக்கிற இடம். அது வைப்பாட்டி என்று சொல்லக் கூச்சப்பட்டிருப்பான்.

மார்கழியில் நாடகம் முடிந்தது. கடைசி வாரம் என்று தெரிந்ததும் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கூட்டம் வந்துவிட்டது. வாசல்வரை செருப்பு. பெரியசாமி ஜன்னல் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றான்.

எதிரிகள் மதில் ஏறிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக விழுந்தார்கள். தொப்பி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவன் விழுந்தபோது பொம்பளைகள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். கிழட்டுத் தளபதி ஏணியில் ஏறிக் கடலைப் பார்க்கிறார், படகு ஏதாவது வருகிறதா என்று. தண்ணீர்தான் தெரிகிறது. இறங்கி வந்து, கதவுக்கு நேராக வாளோடு உட்கார்ந்துகொள்கிறார். கதவு உடைகிறது. அதோடு கோட்டை போயிற்று.

பிறகு கரையைக் காட்டினார்கள். கடலில் தூரத்தில் புகை. படகுக்காரன் அந்தக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு புகையையே பார்த்து நிற்கிறான். அவன் கண் கலங்குகிறது. அந்தப் பெண் வந்து கையைப் பிடிக்கிறாள். அவன் திரும்பி, குனிந்து, குடிசைக்குள் போகிறான். பெட்டியில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மொழி தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

கந்தவேல் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "படை தெரட்டக் கெளம்பறாருங்க."

"எல்லாஞ் செத்துப்போன பொறவு படை எதுக்குடா, கருமாதிக்கா?" என்றாள் குஞ்சம்மாள்.

யாரும் சிரிக்கவில்லை. வசந்தாமணி அப்போதும் கேட்டாள். "வந்துருவானில்லீங்க?"

"வந்துருவாருங்க அக்கா" என்றான். குரல் உடைந்திருந்தது.

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. கோயிலில் நான் கேள்வி கேட்டதும் இவன் விட்ட மூச்சு ஞாபகம் வந்தது. நிரபராதி விடுகிற மூச்சு என்று நினைத்தேன். அது, நல்லவேளை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று விட்ட மூச்சு.

கூட்டம் கலைகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆள் போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். கந்தவேலின் சட்டையைப் பிடித்தேன்.

"அன்னைக்கு நான் தப்பாக் கேட்டுப்போட்டன். இப்ப வேற கேக்கறேன். என்ர தம்பி திரும்பி வருவானா?"

அவன் முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். பெரிய ஆம்பளை, பாறை உடைக்கிறவன், தேம்பித் தேம்பி அழுதான்.

"அங்க ஒரு ஊடு இருக்குதுங்க பெரியக்கா. ஒரு பொம்பளை. ரண்டு வருசமா. ஒரு பையனும் இருக்கான். உங்க தம்பி மாதிரியே இருக்கானுங்க."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே அந்தக்காளை பஸ் ஏத்தி உட்டுருவாங்க. கோட்டையில தண்ணி அளந்து குடிக்கறப்ப அந்தக்கா மூஞ்சியப் பாத்தீங்களா? அதைப் பாத்துக்கிட்டு நான் படகுக்காரன் ஓடிட்டான்னு எப்படிங்க சொல்றது?" மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அதுமட்டுமில்லீங்க. தையில வருவேன்னு அண்ணன் சொன்னது நெசம். வந்து காட்டை வித்துப்போட்டு, அந்தப் பணத்துல அங்கயே ஊடு கட்டறதா இருக்காரு. அதுக்குத்தான் வாராரு."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊர் முழுக்க ஒருத்தர் பாக்கி விடாமல் சந்தேகப்பட்டேன். பால் கொண்டுவருகிறவனை, குஞ்சம்மாளை, பெரியசாமியை, இந்தக் கந்தவேலை. நான் வாய் துடைத்து வளர்த்தவனை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. அவன் செத்திருப்பான் என்று நினைக்க முடிந்தது என்னால். இப்படிச் செய்திருப்பான் என்று நினைக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வலித்தது. அந்தப் பையன் என் தம்பி ஜாடையில் இருக்கிறான் என்றதும் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போலவும் இருந்தது. என்ன ஜென்மமோ.

"எனக்குத் தெரியுமுங்க, நங்கையா."

திரும்பிப் பார்த்தேன். புருஷனுக்கு அக்கா என்றால் எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்களை வாசலில் வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். டம்ளர்களைக் கழுவப் பின்பக்கம் போனவளை நான் மறந்தே போயிருந்தேன்.

"எப்பத் தெரியும் அம்மிணி?"

"அந்தப் பொண்ணு கஞ்சி குடுத்தப்பவே. அதைத் தங்கச்சின்னு இவரு சொன்னாரே, அப்பவே. நாடகத்துக்கு யாராவது பொய் சொல்லுவாங்களா? எனக்காகத்தான் சொல்றாருன்னு புரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் வாராவாரம் வருவானா வருவானான்னு கேட்டே?"

"பெரியசாமி மாமா காதுல உழோணுமில்லீங்க?" என்றாள். "நான் நம்பிக்கிட்டு இருக்கேன்னு ஊரு நம்புனாத்தான் என்னைய அந்த ஊட்டுல உட்டு வெப்பாங்க. அந்தக் கோட்டையில ஒருத்தன் தொப்பி மாத்திப் போட்டுக்கிட்டு நடந்தானே, அந்த மாதிரி."

இந்த வாயில்லாப் பூச்சியைத்தான் நாலு வருஷமாகப் பாவம் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கந்தவேலும் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான்.

அவள் என் எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். என் முழங்காலைத் தொட்டாள்.

"அவரைக் கூப்புடாதீங்க நங்கையா. நீங்க கூப்புட்டா வந்துருவாரு. வந்தா காட்டை வித்துருவாரு. வரமாட்டாருன்னு வெளிய தெரிஞ்சா பெரியசாமி மாமா ஏர் ஓட்டிருவாரு. ரெண்டும் வேண்டாம். அவரு வரவும் கூடாது, வருவாருன்னு நீங்க சொல்லிக்கிட்டும் இருக்கோணும். நாலஞ்சு போகம் எடுத்துட்டேன்னா போதும். கெணத்துல தண்ணி இருக்குது. நல்லாப் பண்ணையம் பண்றவளைப் பாத்து எந்திரிச்சுப் போன்னு சொல்ல அப்பறம் ஒருத்தருக்கும் வாய் வராது."

"அவன் என்ர தம்பி அம்மிணி."

"தெரியுமுங்க. அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

கோபம் வந்தது. என் தம்பியை என் வாயாலேயே தள்ளிவைக்கச் சொல்கிறாளே என்று இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சவில்லை, அழவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். இவளைத் தேடிப்போய்க் கொண்டுவந்தது நான். அவளுடைய அப்பனிடம், என் தம்பி தங்கம், கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று சொன்னதும் நான்.

பொங்கலுக்கு முன்னாலேயே ரிக் வடக்கே கிளம்பியது. ஓட்டிக்கொண்டு போனவன் கந்தவேல். புறப்படும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அவன்கிட்டச் சொல்லு. அக்காளுக்கு எல்லாந் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லு. காட்டை விக்கறேன்னு இந்தப் பக்கம் கால வெச்சா முதல்ல என்ர மூஞ்சியில முழிச்சுட்டுத்தான் போகோணும்னு சொல்லு." வண்டியில் ஏறப்போனவனை மறுபடி நிறுத்தினேன். "பையனுக்கு என்ன பேருன்னு மட்டும் கேட்டுக்கிட்டு வா."

அவனுக்கு என் தம்பியைத் தெரியும். எனக்கும் தெரியும். ஊரையே எதிர்த்து நிற்பான், என் முகத்தை எதிர்த்து நிற்க மாட்டான். அவன் வரமாட்டான்.

தை பிறந்தது. இரண்டாம் நாள் மாட்டுப் பொங்கலுக்கு வசந்தாமணி வீட்டுக் கட்டுத்தரையில் நானும் அவளும் மாடு கழுவிக்கொண்டிருந்தோம். பெரியசாமி வந்தான். கூட ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர்.

"ஏனக்கா, தை பொறந்துருச்சே. வெள்ளியங்கிரி எங்க?"

வசந்தாமணி மாட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ரிக்கு இப்பத்தானப்பா போயிருக்குது. வேலை நெறையாப் புடிச்சு வெச்சிருக்கான், நடுவுல உட்டுட்டு வர முடியுமா? சித்திரையில வந்துருவான்."

"கந்தவேலு சொன்னானா?"

"என்ர தம்பியப் பத்தி எனக்கு எவஞ் சொல்லோணும்? நாந்தான் சொல்றேன், வருவான்."

பெரியசாமி என்னைக் கூர்ந்து பார்த்தான். நம்பவில்லை என்று தெரிந்தது. அவன் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் பெரியவர்கள், முத்தாயியே சொல்கிறாள் என்றால் அப்புறம் என்ன என்று திரும்பிவிட்டார்கள். அவனும் வேறு வழியில்லாமல் பின்னால் போனான்.

அவர்கள் ஓடையில் இறங்கி மறைகிறவரை நின்றேன். ஐந்து வயசிலிருந்து நான் வளர்த்தவன். எங்கே இருந்தாலும் வந்துவிட வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. வருவான் என்று நாலு பேர் முன்னால் நான் சத்தமாகச் சொன்ன அந்த நேரத்தில்தான், அவன் வரவே கூடாது என்று முதல்தடவையாக மனசார நினைத்தேன்.

வசந்தாமணி மாட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு குடம் தண்ணீர் எடுத்துவரக் கிணற்றுக்குப் போனாள்.